பஞ்சத்தைப் படம் பிடித்தவர்

எங்கள் கிளியனூர்ப் பக்கத்தில் பஞ்சம் என்று பேச்செடுத்தால், 'தாது வருஷப் பஞ்சம்' என்ற சொல் இன்றும் பெரியவர்கள் வாயில் வரும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சம், பழைய தென்னார்க்காடு மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. அதன் புகைப்படங்கள் சிலவற்றை நீங்கள் பார்த்திருக்கலாம். எலும்பும் தோலுமான மனிதர்கள் கூட்டமாக அமர்ந்திருப்பார்கள். அவற்றை எடுத்தவர் ஹூப்பர் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி.

அவர்கள் ஏன் அப்படி அசையாமல் இருக்கிறார்கள்? அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளில் பூசிய வெள்ளி உப்புகளுக்கு ஒளியுணர்வு குறைவு. உருவம் பதியச் சில விநாடிகள் ஒளி விழ வேண்டும். அதற்குள் அசைந்தால் படம் கலைந்துவிடும். ஆகவே பசியால் வாடியவர்களை உட்கார வைத்தே படம் எடுக்க வேண்டியிருந்தது. 'படம் எடுத்தவர் இவர்களுக்கு ஒரு பிடி சோறு கொடுத்தாரா?' என்ற கேள்வி அன்றே எழுந்தது.

ஏறத்தாழ 65 ஆண்டுகளுக்குப் பின் அதே கேள்வியின் முன் நின்றவர் சுனில் ஜானா. 1918-இல் அஸ்ஸாமில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர். ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தார். புகைப்படம் அவருக்குப் பொழுதுபோக்கு. 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் மூண்டது. கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பி.சி. ஜோஷி, "படிப்பை விட்டு எங்களுடன் வாருங்கள்" என்று அழைத்தார். ஜோஷியுடனும் ஓவியர் சித்தபிரசாத்துடனும் ஜானா ஊர் ஊராக நடந்தார்.

இதற்குள் ஒளியியலும் வேதியியலும் வளர்ந்திருந்தன. வெயிலில் விநாடியின் ஒரு சிறு பகுதியே படச்சுருளுக்குப் போதும். யாரையும் உட்கார வைக்கத் தேவையில்லை. மக்களோடு நடந்துகொண்டே எடுக்கலாம். அதைவிட முக்கியமானது அச்சுத்தொழிலில் வந்த மாற்றம். ஹூப்பர் காலத்தில் புகைப்படத்தைச் செய்தித்தாளில் நேராக அச்சிட இயலாது. அதைப் பார்த்து மரத்தில் செதுக்கி அச்சிட்டார்கள். பின்னர் நுண்கோடுகள் கொண்ட கண்ணாடித் திரை வழியே படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து உலோக 'பிளாக்' செய்யும் முறை வந்தது. பெரிய புள்ளி கருமை, சிறிய புள்ளி வெளிச்சம். பழைய செய்தித்தாள் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள், புள்ளிகள் தெரியும்.

ஜானாவின் படங்கள் பம்பாயிலிருந்து வெளிவந்த 'பீப்பிள்ஸ் வார்' என்ற கட்சி ஏட்டில் இப்படித்தான் நாடெங்கும் சென்றன. பஞ்சம் என்று ஒப்புக்கொள்ளவே அரசு தயங்கிய நேரம் அது. சித்தபிரசாத்தின் 'பட்டினி வங்காளம்' நூல் பறிமுதல் செய்யப்பட்டு அழிக்கப்பட்டது என்றால், ஒரு படத்துக்கு அரசு எவ்வளவு அஞ்சியது என்பது விளங்கும். மாண்டோர் சுமார் 15 இலட்சம் என்று 1945-இல் விசாரணைக் குழு கூறியது; பிற்காலத்தில் அமர்த்திய சென்னின் கணக்கு சுமார் 30 இலட்சத்தைத் தொட்டது.

ஜானாவும் சோறு கொடுக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஒருவர் கையிலுள்ள சோறு ஒரு சிலருக்குத்தான் போதும். ஆனால் மறைக்கப்பட்ட பஞ்சத்தை ஊருக்குக் காட்டினால், களஞ்சியத்தை வைத்திருப்பவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். படம் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்து எடுத்ததே ஜானாவின் தனித்தன்மை.

1940-களின் இறுதியில் ஜோஷி தலைமையை இழந்தார். ஜானாவும் கட்சியிலிருந்து விலகினார். ஆனால் காமிராவை விடவில்லை. சுரங்கத் தொழிலாளர், உருக்காலைகள், பழங்குடி மக்கள் என அவர் பணி தொடர்ந்தது. 1972-இல் பத்மஸ்ரீ, 2012-இல் பத்மபூஷண் விருதுகள் வந்தன. முதுமையில் பார்வை மங்கியது. 2012-இல் அமெரிக்காவில் காலமானார்.

இன்று உங்கள் கைப்பேசியிலேயே காமிரா இருக்கிறது. தூர்ந்துபோன ஏரிக்கால்வாயையோ, படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன சிறுவனையோ நீங்கள் படம் எடுக்கலாம். எடுக்குமுன் இரண்டு கேள்விகள்: அதில் உள்ளவரின் மானத்துக்கு இது இழுக்காகுமா? இது யார் கண்ணில் படவேண்டும்? விடை தெரிந்தபின் பொத்தானை அழுத்துங்கள்.