தானுந்தின் ஒருபக்கச் சாய்வு

தானுந்தின் ஒருபக்கச் சாய்வு என்பது சமதரையில் சுமையின்றி நிற்கும் காரின் உடற்பகுதி ஒரு மூலையிலோ ஒரு பக்கத்திலோ தாழ்ந்து நிற்பதைக் குறிக்கும். சாய்வு என்பது பழுதின் அடையாளமே அன்றிப் பழுது அன்று. தாழ்ந்து நிற்கும் மூலையிலேயே பழுது இருக்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அது பல வேளைகளில் தவறான பாகத்தை மாற்றுவதில் முடிகிறது.

எடையைத் தாங்கும் பாகங்கள்

காரின் எடையைத் தாங்குபவை சுருள்வில், பட்டைவில், முறுக்குத்தண்டு ஆகிய வில்வகைகளே. ஷாக் அப்சார்பர் என்னும் அதிர்வு ஏற்பி வில்லின் ஆட்டத்தை அடக்குகிறது, எடையைத் தாங்குவதில்லை. வளி அழுத்தம் நிரப்பப்பட்டவை மட்டும் சிறிதளவு மேல்நோக்கித் தள்ளும். ஆகவே சாய்ந்த காருக்குப் புதிய ஷாக் அப்சார்பர் பொருத்துவதால் பெரும்பாலும் பயன் இல்லை.

வில் தளர்ந்துவிட்டது என்று கூறப்படும்போது எஃகின் விறைப்பு குறைந்துவிட்டதாகப் பொருள் கொள்ளலாகாது. நீண்டகாலச் சுமையால் வில் நிலையாகக் குறுகியிருக்கும். அல்லது துருவினால் கம்பி மெலிந்திருக்கும். அடிச்சுற்று உடைந்த சுருள்வில்லோ முன்னினும் விறைப்பாகவும் குட்டையாகவும் இருக்கும்.

அளவிடுதல்

அளப்பதற்கு முன் நான்கு டயர்களும் ஒரே அளவினவா என்று பார்த்து, காற்றழுத்தத்தைச் சரிசெய்து, பெட்டியில் உள்ள சுமையை இறக்க வேண்டும். பின் உடலை நான்கு மூலைகளிலும் அழுத்திவிட்டு, காரைச் சில அடிகள் உருட்டி நிறுத்த வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளந்தால் சக்கரங்கள் உள்வாங்கியே நிற்குமாதலால் அளவு தவறும்.

தரையிலிருந்து அளப்பதைவிடச் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை அளப்பது நன்று. டயர் வேறுபாடு கணக்கில் சேராது. மட்கார்டு விபத்தில் நெளிந்திருக்கலாம் என்பதால் அடிச்சட்டத்தின் ஒத்த புள்ளிகளிலிருந்து தரைவரையும் ஒருமுறை அளந்து ஒப்பிட வேண்டும். சில மில்லிமீட்டர் வேறுபாடு புதிய காரிலும் உண்டு. ஏற்கத்தக்க அளவு மாதிரிக்கு மாதிரி மாறும்.

நான்கு மூலைகளின் கணக்கு

உடற்பகுதி விறைப்பான ஒரே தளம். எனவே அது சாயும்போது முன்பக்கத்தின் இடது-வலது வேறுபாடும் பின்பக்கத்தின் இடது-வலது வேறுபாடும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். இந்த ஒப்பீட்டை மட்டும் கொண்டு பழுது முன்னா பின்னா என்று கூற இயலாது.

சம விறைப்புள்ள நான்கு விற்களில் வலப்பின் வில் மட்டும் 20 மி.மீ. குறுகியதாகக் கொள்வோம். அம்மூலை 15 மி.மீ. தாழும். வலமுன், இடப்பின் மூலைகள் 5 மி.மீ. தாழும். குறுக்கே எதிரில் உள்ள இடமுன் மூலை 5 மி.மீ. உயரும். முன்னிருந்து பார்ப்பவருக்கு வலமுன் மூலை 10 மி.மீ. தாழ்ந்து தோன்றும். அங்குள்ள வில்லிலோ குறை இல்லை.

தோற்றத்தை நம்பி வலமுன் வில்லை 20 மி.மீ. உயர்த்தினால் சாய்வு மறைந்துவிடும். ஆனால் வலமுன், இடப்பின் விற்கள் இயல்பைவிட 10 மி.மீ. கூடுதலாக அழுந்தியும் மற்ற இரண்டும் அதே அளவு தளர்ந்தும் நிற்கும். வில்லின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் எனில், முன்சக்கரங்கள் இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோகிராம் சுமை வேறுபாடு உண்டாகும். ஈரச்சாலையில் பிரேக் அழுத்தும்போது சுமை குறைந்த சக்கரம் முதலில் வழுக்கும். பார்வைக்கு நேராக நிற்கும் கார், சாய்ந்து நின்றதைவிட மோசமான நிலையில் இருக்கும்.

முன்பக்கமா, பின்பக்கமா

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரின் பின்பகுதியை நட்டநடுவில் ஒரே ஜாக்கியால் சிறிது தூக்க வேண்டும். நடுப்புள்ளியில் தாங்கப்படும் பின்பகுதியால் உடலை எப்பக்கமும் சாய்க்க இயலாது. இந்நிலையில் சாய்வு மறைந்தால் பழுது பின்னே, மறையாவிடில் முன்னே. தூக்குவதற்கு உரிய நடுப்புள்ளி உள்ள கார்களில் மட்டுமே இதனைச் செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகக் கூடாது.

இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் ஒரு முனையைக் கழற்றியவுடன் உடல் நிமிர்ந்தால், பார் வளைந்திருக்கலாம் அல்லது அதன் இணைப்புகள் நீளம் மாறியிருக்கலாம். சக்கரம் தொங்கும் நிலையில் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை முறுக்கிவிடுவதும் சாய்வை உண்டாக்கும். அவற்றைத் தளர்த்தி, கார் தன் எடையில் நிற்கும்போது மீண்டும் முறுக்கினால் போதும்; செலவின்றித் தீரும் பழுது இது ஒன்றே எனலாம்.

அம்பாசிடர்

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 2014 வரை தயாரித்த அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றியது. முன்னே முறுக்குத்தண்டும் பின்னே பட்டைவில்லும் கொண்டது. முறுக்குத்தண்டின் பின்முனையைத் திருப்பி உயரத்தை மாற்றலாம் என்பது இதன் வசதி. மேலே கூறிய தவறுக்கு வழிவிடுவதும் அதுவே. பட்டைவில் தளர்ந்த காருக்கு முன் தண்டைத் திருப்பினால் பழுது மறையுமே தவிர நீங்காது. இடவலத் தண்டுகள் எதிரெதிர்த் திசையில் முறுக்கேற்றப்படுவதால் பயன்படுத்திய தண்டுகளை இடம் மாற்றிப் பொருத்தலாகாது.

வடசென்னைச் சூழல்

வடசென்னைக்குக் கார்த்தொழில் புதிதன்று. 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. 1955-இல் அசோக் லேலண்ட் ஆனபின் கனரக வண்டிகளுக்கு மாறியது.

2011-இல் சென்னை மாநகராட்சியில் இணைந்த சடையங்குப்பம், கொசஸ்தலை ஆற்றின் கடைப்பகுதியை ஒட்டியது. 2021 நவம்பரில் பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து நீர் திறக்கப்பட்டபோது இப்பகுதியில் வெள்ளம் புகுந்தது. வெள்ளத்தில் நின்ற கார்களில் சுருள்வில்லின் அடித்தட்டில் சேறு தங்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் பூச்சு உரிந்து, தட்டினுள் அமர்ந்த அடிச்சுற்று துருவேறி உடையும். உடைந்த துண்டு தட்டிலேயே கிடப்பதால் கார் சிறிதே தாழும். ஆனால் முன்சக்கரங்களில் தட்டு டயருக்கு மிக அருகில் உள்ள அமைப்புகளில், நழுவிய முனை டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கக்கூடும். எனவே இப்பகுதிக் கார்களில் சிறு சாய்வு தோன்றினாலும் முதலில் தட்டைக் கழுவி, அடிச்சுற்றின் முனை முழுமையாக உள்ளதா என்று விளக்கொளியில் பார்க்க வேண்டும். உடைந்திருந்தால் அதே அச்சின் இரு விற்களையும் சேர்த்து மாற்றி, பின்னர் சக்கர அலைன்மென்ட் செய்வது வழக்கம்.