சுண்ணப்பூச்சும் சுவரோவியமும்: பாதுகாப்புப் பணியின் வரலாறு

கோயம்புத்தூருக்குத் தென்மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய குமிட்டிபதியில், பாறைக் குகையொன்றில் வெண்ணிறத்தால் தீட்டப்பட்ட யானை, தேர் முதலிய உருவங்கள் கொங்கு நாட்டின் மிகப் பழைய ஓவியச் சான்றுகளுள் சேர்ந்தவை. பாறைக்கும் நிறத்துக்கும் இடையே பூச்சு எதுவும் இல்லாததால், வழியும் மழைநீரும் வருவோரின் பெயர்க் கிறுக்கலும் அங்கே நேராக ஓவியத்தையே தாக்குகின்றன.

கோயில் சுவரோவியத்தின் அமைப்பு வேறு. கல்லின்மேல் மணலும் சுண்ணாம்பும் கலந்த பருஞ்சாந்தை இட்டு, அதன்மேல் மெல்லிய சுண்ணப்பூச்சைத் தடவி, அந்தப் பரப்பில் செங்காவி, மஞ்சட்காவி, கரி முதலிய நிறங்களைத் தீட்டினர். ஈரம் உலருமுன் தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது நிறத்துகள்களையும் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. உலர்ந்தபின் தீட்டினால், பசையே நிறத்தைத் தாங்கவேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் சுவரைத் துடைக்கத் துணிபவர் வெறும் தண்ணீராலேயே ஓவியத்தை அழித்துவிடக்கூடும்.

தமிழகத்தில் இவ்வறிவை ஆய்வுக்கூடத்தில் தேடிய முன்னோடி, சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன். அருங்காட்சியகப் பொருள்களைக் காப்பதற்கான வேதியியல் ஆய்வுக்கூடம் அங்கே 1930-இல் தோன்றியது. மறு ஆண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றறையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதைக் கண்டறிந்தார். அவற்றின் சாந்தையும் நிறங்களையும் பகுத்தாய்ந்த பரமசிவன், சோழ ஓவியர் ஈரச் சுண்ணப்பரப்பில் தீட்டினர் என்னும் முடிவை 1937-இல் வெளியிட்டார். சித்தன்னவாசல் ஓவியங்களைத் தூய்மைப்படுத்திக் காத்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

அஜந்தாவின் அனுபவம் இத்தகைய ஆய்வின் தேவையை உணர்த்துகிறது. ஹைதராபாத் நிஜாம் அரசு 1920-களின் தொடக்கத்தில் வரவழைத்த இத்தாலிய வல்லுநர்கள் பெயர்ந்த சாந்தைச் சுவரோடு ஒட்டிக் காத்தது பெரும்பணியே. ஆயினும் காப்பாகப் பூசப்பட்ட அரக்கு வார்னிஷ் நாளடைவில் பழுப்பேறி நிறங்களை மறைத்தது. அதைக் களையும் பொறுப்பு பின்வந்த வேதியியலாளர்மேல் விழுந்தது.

தஞ்சையில் எழுந்த சிக்கல் இன்னும் கடினமானது. ஒரே சுவரில் இரு காலத்து ஓவியங்கள் அடுக்காக இருக்கையில், மேலதை நீக்காமல் கீழதைக் காண இயலாது. இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் நாயக்கர் பூச்சைச் சில பகுதிகளில் சிதையாமல் பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்துக் காத்தனர். சோழர் கலையைக் காட்டுவதற்காக நாயக்கர் கலையைச் சுரண்டி எறியாத இந்த முடிவு, தமிழகப் பாதுகாப்பு வரலாற்றின் மிகச் சிறந்த செயல்களுள் ஒன்று.

அத்தகைய பொறுமை எல்லா ஊர்களிலும் வாய்ப்பதில்லை. கொங்கு நாட்டிலும் பிற பகுதிகளிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை குடமுழுக்கை ஒட்டித் திருப்பணி நடத்துவது வழக்கம். பக்தியோடு செய்யப்படும் அப்பணியில், விளக்குப் புகையேறிக் கருத்த விதானம் வெறும் அழுக்காகத் தோன்றி, வெள்ளையடிப்புக்கோ மணல்வீச்சுக்கோ உள்ளாகிறது. மணல்வீச்சு புகையோடு சுண்ணப்பூச்சையும் பெயர்த்துவிடும்; அதன்பின் மீட்பதற்கு எதுவும் எஞ்சாது. ஆகவே திருப்பணிக் குழுவினர், வேலை தொடங்குமுன் மண்டபச் சுவர்களையும் விதானங்களையும் ஒளிப்படம் எடுத்து, பழைய பூச்சின் அடியில் சிறிதளவு நிறம் தென்பட்டாலும் பணியை நிறுத்தி, தொல்லியல் துறையின் வல்லுநர்களை அழைத்துக் காட்ட வேண்டும்.