பகலில் வக்கீல், இரவில் மனோகரன்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது நான் சைட்டில் இருந்தேன். மூன்றாவது மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த நேரம். "ஹாஸ்டல் டேக்கு நாடகம் போட்டவன் நீதானேப்பா. நாடகத்தைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடு, மூணு பக்கம் போதும்" என்றார் சீனியர். மிக்ஸர் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. "சரிண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசனை. நாடகம் என்றதும் எனக்கு நினைவு வருவது ஒரே ஒரு மாலைப் பொழுது. இறுதியாண்டில் நமது ஹாஸ்டல் மெஸ்ஸில் டைனிங் டேபிள்களைச் சேர்த்துப் போட்டு மேடையாக்கி, பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டி, 'சபாபதி'யிலிருந்து அரை மணி நேரம் நடித்தோம். எஜமான் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. எஜமான் நான். வேலைக்காரன் என் பக்கத்து அறை நண்பன். அவன் வாயைத் திறக்கும் முன்பே மெஸ் அதிர்ந்தது. அன்று ராத்திரி மொட்டை மாடியில் நாங்கள் இருவரும் ஒரு சத்தியம் செய்துகொண்டோம். எங்கே வேலை கிடைத்தாலும் வருஷத்துக்கு ஒரு நாடகமாவது சேர்ந்து போடுவது என்று. அந்தச் சத்தியம் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

'சபாபதி'யை எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். அன்று எங்களுக்கு அவர் லைப்ரரிப் புத்தகத்தின் அட்டையில் இருந்த ஒரு பெயர், அவ்வளவுதான். அவருடைய 'நாடக மேடை நினைவுகள்' போன வருஷம்தான் என் கைக்குக் கிடைத்தது. படித்து முடித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏன் என்று தெரிய அவர் கதையைச் சொல்ல வேண்டும்.

வெறுத்தவர் விரும்பிய கதை

1873-ல் பிறந்தவர். தகப்பனார் விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் இருந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இந்த இளைஞருக்குத் தமிழ் நாடகம் என்றாலே ஆகாது. அன்றைய நிலைமையும் அப்படி. விடிய விடிய நடக்கும் நாடகம், பேச்சைவிடப் பாட்டு அதிகம், நடிப்பவருக்குக் 'கூத்தாடி' என்ற பட்டம். படித்த குடும்பத்துப் பிள்ளை அந்தப் பக்கம் போனால் வீட்டில் சோறு கிடைப்பதே சந்தேகம்!

அவர் மனத்தை மாற்றியது ஒரு தெலுங்கு நாடகக் குழு. 1891-ல் பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபை சென்னைக்கு வந்து நாடகங்கள் போட்டது. அதை நடத்திய கிருஷ்ணமாசார்யலு தொழிலில் வக்கீல். நாடகமும் எழுதினார், வேஷமும் கட்டினார். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசிக்கொண்டு மேடை ஏறியதைப் பார்த்த சம்பந்தத்துக்கு, 'இவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?' என்று தோன்றிவிட்டது.

அதே 1891, ஜூலை 1. சில நண்பர்கள் சேர்ந்து 'சுகுண விலாச சபை'யைத் தொடங்கினார்கள். சம்பந்தத்துக்கு அப்போது வயது பதினெட்டு. நம் கணக்கில் முதலாம் ஆண்டு மாணவன். அந்த வயதில் நான் செய்த பெரிய சாதனை, மெஸ் பில்லில் இரண்டு நாள் கழிவு வாங்கியது.

சபை தொடங்கியவுடன் மேடை ஏறிவிடவில்லை. அவருடைய முதல் நாடகமான 'புஷ்பவல்லி' மேடைக்கு வர 1893 ஆகிவிட்டது. இடம் சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹால். அந்தச் செங்கல் கட்டடத்தை நம்மில் பலர் பஸ்ஸிலிருந்தே பார்த்திருப்போம். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து நம்பெருமாள் செட்டி கட்டிய கட்டடம். சிவில்காரர்கள் கட்டடத்துக்காகத் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். இனிமேல் உள்ளே நடந்ததற்காகவும் ஒரு தடவை நிமிரலாம். 1895-ல் 'லீலாவதி சுலோசனா'வும் 'மனோகரா'வும் மேடை ஏறின. மனோகரனாகச் சங்கிலியில் கட்டுண்டு நின்றவர் ஆசிரியரே. வயது 22.

கண்டக்டர் வேலை

'டைரக்டர்' என்ற சொல் அன்று தமிழ் மேடைக்கு வந்து சேரவில்லை. சபையில் அந்தப் பொறுப்புக்கு 'கண்டக்டர்' என்று பெயர். விசில் ஊதுகிற கண்டக்டர் இல்லை, நடிகர்களை நடத்திச் செல்கிறவர். தமிழ் நாடகங்களுக்குக் கண்டக்டர் சம்பந்த முதலியார்தான்.

அவர் செய்த முதல் காரியம், நாடகத்தைப் பேச வைத்தது. பாட்டைக் குறைத்து, வசனத்தில் எழுதினார். ராஜாவுக்குக் கோபம் வந்தால் ராகம் போட்டுப் பாடத் தேவையில்லை, கோபமாகப் பேசினால் போதும் என்று ஆயிற்று. இரண்டாவது காரியம், நேரம். விடிய விடிய நடந்ததை மூன்று நான்கு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார். காரணம் எளிது. நடிப்பவர், பார்ப்பவர் இரண்டு பேருமே மறுநாள் காலை ஆபீஸ் போக வேண்டியவர்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அது ஒத்திகை. எல்லாரும் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. சம்பளம் கொடுக்காத ஆளை நேரத்துக்கு வர வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, நம் சங்கத்தின் கமிட்டி மீட்டிங்குக்கு ஒரு தடவை வந்தவர்களுக்கும் தெரியும். அவர் அதைப் பல வருஷம் செய்தார். பாடம் வராதவனை மேடையில் ஏற்றவில்லை. பின்னாளில் 'நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி' என்று தனிப் புத்தகமே எழுதினார்.

சபைக்கு வந்தவர்களைப் பாருங்கள். பின்னாளில் காங்கிரஸ் தலைவரான எஸ். சத்தியமூர்த்தி அங்கே நடித்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அங்கே வேஷம் கட்டியவர். வி.வி. சீனிவாச ஐயங்கார் என்ற கல்லூரித் தோழர் பிற்பாடு ஹைகோர்ட் நீதிபதியானார். கூத்தாடி என்ற சொல்லின் முதுகெலும்பை முறித்தது இந்த வருகைப் பதிவேடுதான். சபை கடல் தாண்டி இலங்கைக்கும் போய் நாடகம் போட்டது. அதில் ஈர்க்கப்பட்ட சொர்ணலிங்கம் அவரைக் குருவாகக் கொண்டார். இலங்கையில் 1913-ல் சுபோத விலாச சபை பிறந்ததும் அந்த ஈர்ப்பில்தான். ஈழத்து மேடையில் 'கலையரசு' என்றால் இந்தச் சொர்ணலிங்கம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த மரியாதை முழுக்கப் பொழுதுபோக்கு நடிகர்களுக்குத்தான் வந்தது. வயிற்றுப்பாட்டுக்காக ஊர் ஊராகச் சுற்றிய நாடகக் கம்பெனிக்காரர்களுக்கு அதே மரியாதை அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. ஆனாலும் 'மனோகரா'வை ஆயிரக்கணக்கான ஊர்மக்களிடம் கொண்டுபோனவர்கள் அவர்கள்தாம். டி.கே.எஸ். சகோதரர்களின் மேடையிலும் மனோகரன் சங்கிலியை அறுத்தான்.

ஷேக்ஸ்பியரையும் விடவில்லை. 'ஹாம்லெட்' நம்மூர் 'அமலாதித்யன்' ஆனான். 'மாக்பெத்' மகபதி, 'சிம்பலின்' சிம்ஹளநாதன், வெனிஸ் வணிகன் 'வாணீபுர வணிகன்'. பெயரிலேயே எப்படிப் பழைய சத்தத்தையும் வைத்துக்கொண்டு தமிழாக்கியிருக்கிறார் பாருங்கள்! அமலாதித்யனாக நடித்ததும் அவரே. மொத்தம் தொண்ணூறுக்கு மேல் நாடகங்கள். இத்தனையும் கோர்ட் வேலைக்கு நடுவில்.

ரங்கவடிவேலு

சபையில் பெண் வேஷம் ஆண்கள்தான் கட்டினார்கள். சம்பந்த முதலியார் நாயகன் என்றால் எதிரே நாயகி ரங்கவடிவேலு. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஜோடி நிலைத்தது. 'நாடக மேடை நினைவுகள்' படிக்கிறவர்களுக்குத் தெரியும், ரங்கவடிவேலு பெயர் வருகிற இடத்திலெல்லாம் முதலியாரின் பேனா கொஞ்சம் நின்று நிதானித்துத்தான் நகர்கிறது. வசனம் எழுதும்போதே எதிரே நின்று பேசப்போகிறவர் யார் என்று தெரிந்து எழுதிய ஆசிரியர் அவர். ஒருவர் வாயெடுக்கும் முன் மற்றவருக்குத் தெரியும். மேடையில் அதை ஒத்திகையால் மட்டும் கொண்டுவர முடியாது.

நண்பர் அவருக்கு முன்னால் காலமானார். அதற்குப் பிறகு பழைய ஜோடி வேஷங்களுக்கு முதலியாருக்கு மனம் வரவில்லை. எதிரே வேறொருவரை நிறுத்தி அதே வசனத்தைச் சொல்வது எப்படி? வேறு நடிகர்கள் கிடைத்திருப்பார்கள். ஆனால் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

இந்தப் பக்கங்களைப் படிக்கும்போதுதான் எனக்கு என் பக்கத்து அறை நண்பன் நினைவு வந்தான். அவன் உயிரோடு, நலமாக, ஐந்து மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறான். முதலியாருக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்திருக்கிறது. நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தேன்?

நீதிபதியின் அரிதாரம்

1924-ல் சம்பந்த முதலியார் சென்னை ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் நீதிபதியானார். 1928 வரை அந்தப் பதவி. வக்கீலாக இருந்தபோதும் நீதிபதியாக இருந்தபோதும் நாடகத்தை அவர் ஒதுக்கி வைக்கவில்லை. நாடகத்துக்காக வேலையை விடவும் இல்லை. இரண்டையும் தனித்தனி நேரத்தில், இரண்டையும் ஒழுங்காக. நாள் என்பது அவருக்கும் இருபத்து நான்கு மணி நேரம்தான்.

பேசும் படம் வந்தபோதும் ஒதுங்கி நிற்கவில்லை. 1934-ல் 'சதி சுலோசனா' படத்தை இயக்கினார். 1936-ல் 'மனோகரா' படமானபோது அவரே நடித்தார். இந்தத் தடவை மனோகரன் இல்லை, மனோகரனின் அப்பா புருஷோத்தம ராஜா. நாற்பது வருஷத்துக்கு முன்பு மகனாக நின்றவர், வயது அறுபதைத் தாண்டி அப்பாவாக நின்றார். 1941-ல் ஏ.வி.எம். எடுத்த 'சபாபதி' படமும், 1954-ல் சிவாஜி கணேசன் நடித்த 'மனோகரா' படமும் அவர் மேடையிலிருந்து போனவைதாம். 1959-ல் பத்மபூஷண். 1964 செப்டம்பரில், 91 வயதில் காலமானார். அவர் வளர்த்த சுகுண விலாச சபை பின்னாளில் நாடகத்தைவிட ஒரு கிளப்பாகவே அறியப்பட்டது. சபைகளின் ஆயுளும் அப்படித்தான். ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் திரை மேலே நிற்கும்.

என் கணக்கு

இப்போது சத்தியத்துக்கு வருகிறேன். வேலையில் சேர்ந்த முதல் வருஷம் நண்பன் போன் செய்தான். "ஸ்கிரிப்ட் ரெடிடா, நாலு ஞாயித்துக்கிழமை வந்தா போதும்." நானும் ஒப்புக்கொண்டேன். முதல் ஞாயிறு போனேன். இரண்டாவது ஞாயிறு சைட்டில் ஸ்லாப் வேலை. மூன்றாவது ஞாயிறு போகவே தோன்றவில்லை. நான்காவது ஞாயிறு போனைக்கூட எடுக்கவில்லை. அவன் ஒரு வாடகை ஹால் பிடித்து முன்பணம் கட்டியிருந்தான். அது போனது. என்னிடம் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாடகம் பற்றியும் அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். இத்தனை வருஷமும் கேட்பவர்களிடம் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "வேலைப் பளுங்க, எங்கே டைம்?"

அந்தப் பதிலைத்தான் சம்பந்த முதலியார் என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். கோர்ட்டும் கேஸ் கட்டும் வைத்துக்கொண்டு தொண்ணூறு நாடகம் எழுதிய மனிதரைப் படித்துவிட்டு, ஒரு ஸ்லாப்பைக் காரணம் காட்ட முடியுமா? நேரம் இல்லாமல் போகவில்லை. எனக்காக ஒருவன் காத்திருக்கிறான் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவர் ரங்கவடிவேலுவைக் காக்க வைத்திருந்தால் 'அமலாதித்யன்' ஏது?

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த அன்று நண்பனுக்குப் போன் செய்தேன். பேச்சு எங்கெங்கோ சுற்றியது. பிள்ளைகள், ட்ரான்ஸ்ஃபர், முட்டி வலி. கடைசியில் துணிந்து கேட்டேன். "ரீயூனியன் சாயங்காலம் மெஸ்ல அரை மணி நேரம் கிடைக்குமாம். 'சபாபதி' போடலாமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நாலு ஞாயிறும் வருவியா?" என்றான்.

மலர் அச்சுக்குப் போகும்வரை இரண்டு ஞாயிறு முடிந்திருக்கிறது. இரண்டுக்கும் போயிருக்கிறேன். மீதி இரண்டுக்கும் போவேன். நண்பர்களே, அன்று மாலை டீ குடித்ததும் கலைந்துவிடாமல் மெஸ் பக்கம் வாருங்கள். டைனிங் டேபிள் தூக்க நாலு பேர் வேண்டும். பெட்ஷீட் நான் கொண்டுவருகிறேன்.