எச்-அனிச்சை

எச்-அனிச்சை என்பது, கால் நரம்பில் தோலின் வழியே கொடுக்கப்படும் மின்துடிப்பு தண்டுவடம் வரை சென்று திரும்புவதால் தசையில் எழும் சுருக்கம். ஜெர்மானிய உடலியங்கியலாளர் பால் ஹோஃப்மன் 1910இல் இதை விவரித்தார். விரல் நகத்தைச் சுண்டிப் பார்க்கும் ‘ஹோஃப்மன் குறி’ யோஹான் ஹோஃப்மன் என்ற வேறொருவருடையது.

இந்த ஆய்வுக்குப் பின்னணியாக ஒரு பழைய சர்ச்சை இருந்தது. முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுவதை எர்ப், வெஸ்ட்ஃபால் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர்கள் 1875இல் தனித்தனியே வெளியிட்டனர். எர்ப் அதை அனிச்சைச் செயல் என்றார். வெஸ்ட்ஃபாலோ தசையே நேரடியாகத் துள்ளுகிறது என்றார். கண்ணால் பார்த்துத் தீர்க்க முடியாத வழக்கு அது. துடிப்பு தண்டுவடம் வரை போய்வருகிறதா என்று அறிய, அதற்கான காலத்தை அளந்தாக வேண்டியிருந்தது. முழங்கால் குழியில் செல்லும் நரம்பை ஹோஃப்மன் மின்சாரத்தால் தூண்டியபோது, கெண்டைக்கால் தசையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மின் அலைகள் பதிவாயின. முதலாவது, இயக்க நரம்பிழைகளின் வழியே நேராகத் தசைக்கு இறங்குவது; சில மில்லிவினாடிகளில் வந்துவிடும். இன்று அதற்கு எம்-அலை என்று பெயர். இரண்டாவது ஏறத்தாழ 30 மில்லிவினாடிகளில் வரும். அந்தத் தாமதம் தண்டுவடம் வரை போய்வரும் தொலைவுக்குரியது. இந்த இரண்டாவது அலைக்கு, அதைக் கண்டறிந்த ஹோஃப்மன் பெயரின் முதலெழுத்தான ‘எச்’ (H) என்பதை 1950இல் அமெரிக்காவின் மேக்லடரியும் மெக்டூகலும் சூட்டினர்.

தசையின் நீட்சியை உணர்த்தும் தடித்த புலன் நரம்பிழைகள் மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே தூண்டப்படுகின்றன. ஆகவே மெல்லிய தூண்டலில் எச்-அலை மட்டும் தோன்றும். மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட எம்-அலை வளரும். எச்-அலையோ ஓர் உச்சத்தைத் தொட்டபின் சுருங்கி மறையும். இயக்க நரம்பிழைகளில் தண்டுவடத்தை நோக்கி எதிர்த்திசையில் ஏறும் துடிப்புகள், இறங்கிவரும் அனிச்சைத் துடிப்புகளோடு மோதி அவற்றை அழித்துவிடுவதே இதற்குக் காரணம். கூடுதலாகத் தூண்டினால் கூடுதலான விளைவு என்று எதிர்பார்ப்பவரை இந்த அலை ஏமாற்றிவிடும்.

எச்-அனிச்சையின் பாதையில் புலன் நரம்புக்கும் இயக்க நரம்புக்கும் இடையே ஒரே ஓர் இணைப்புதான் உண்டு என்பதை, பூனைகளில் டேவிட் லாய்ட் 1943இல் செய்த சோதனைகள் உறுதிப்படுத்தின. மருத்துவத்தில் முதல் திருவெலும்பு நரம்புவேர் நசுங்கியிருப்பதை அறியவும், கியான்-பாரே என்னும் நரம்பு நோயைத் தொடக்கத்திலேயே இனங்காணவும் எச்-அனிச்சை பயன்படுகிறது. உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்ப எச்-அலை வரும் நேரம் மாறுவதால், இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான முறை.

ஒரே இணைப்பு என்றதும் இது மாறாத எந்திரச் செயல் எனத் தோன்றலாம். ஆனால் நிற்கும்போது வலுவாக இருக்கும் எச்-அனிச்சை நடக்கும்போது தணிகிறது. பாதம் தரையை விட்டு உயரும் கட்டத்தில் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. இதைக் கேப்படேயும் ஸ்டைனும் 1986இல் காட்டினர். குரங்குகள் பரிசுக்காக இதற்கு ஒப்பான அனிச்சையைக் கூட்டவும் குறைக்கவும் கற்பதை 1980களில் ஜொனத்தன் வோல்ப்பா கண்டார். தண்டுவடம் ஓரளவு மட்டும் சேதமுற்று, கால் விறைப்போடு நடப்பவர்களுக்கு அனிச்சையைக் குறைக்கும் பயிற்சி அளித்தபோது, அதில் வெற்றி பெற்றவர்களின் நடை சீரானதை 2013இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.