எந்தத் தலைப்பின் கீழ்? - சீன அரச வரலாறுகளும் பிராந்தியப் புலமை மரபுகளும்

பத்திரிகை ஆசிரியபீடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய எவருக்கும் ஓர் உண்மை தெரிந்திருக்கும். விரும்பாத செய்தியை நீக்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. உட்பக்கத்தின் மூலையொன்றில் இட்டாலே போதும். சீனத்தின் அரச வரலாறுகளிலும் இவ்வழக்கத்தையே நான் காண்கிறேன். கன்பூசியப் புலவர் ஒருவர் எந்தத் தலைப்பின் கீழ் வைக்கப்பட்டார் என்பதிலேயே அரசின் தீர்ப்பு அடங்கியிருந்தது.

தொடக்கத்தில் நிலைமை வேறு. கி.மு. முதலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய சிமா சியென், புலவர்களுக்கெனத் தனி அத்தியாயம் வகுத்தார். பாடல்களின் நூலை லூ நாட்டில் ஷென் பெய்யும், சி நாட்டில் யுவான் கூவும், யென் நாட்டில் ஹான் யிங்கும் கற்பித்தனர் என நாடுவாரியாகப் பதிவு செய்தார். மூன்று மரபுகளும் ஒரே அத்தியாயத்தில் இடம்பெற்றன.

மொங்கோலிய யுவான் அரசின் கீழ் 1345 இல் நிறைவுற்ற சோங் வரலாறு இந்த ஒழுங்கை மாற்றியது. அது புலவர் அத்தியாயத்துக்கு முன்னே 'நெறிக்கல்வி' எனப் புதியதொரு அத்தியாயத்தைச் சேர்த்து, ஜூ ஷியையும் அவரது முன்னோடிகளையும் அங்கே அமர்த்தியது. ஜூ ஷியின் உரைகள் அப்போது அரச தேர்வுக்குரிய பாடமாகிவிட்டிருந்தன. அவரோடு வாதிட்ட ஜியாங்சியின் லூ ஜியுயுவானும், செஜியாங்கின் சென் லியாங்கும் யே ஷியும் சாதாரணப் புலவர் அத்தியாயத்திலேயே விடப்பட்டனர். 1175 இல் ஜூ ஷியுடன் இணைந்து நூல் தொகுத்த, அவரது நண்பரான லூ சூச்சியெனுக்குக்கூட நெறிக்கல்வியில் இடம் கிடைக்கவில்லை. அவரும் செஜியாங்கைச் சேர்ந்தவரே.

இப்பிரச்சினை சிங் அரசு காலத்தில் மீண்டும் எழுந்தது. 1679 இல் மிங் வரலாற்றுப் பணி முடுக்கிவிடப்பட்டபோது, பொறுப்பிலிருந்த ஷூ சகோதரர்கள் நெறிக்கல்வி அத்தியாயத்தை மறுபடியும் அமைக்க முன்மொழிந்தனர். கிழக்குச் செஜியாங் மரபே கேடுகள் மிகுந்தது என்ற கருத்தும் அம்முன்மொழிவில் இருந்தது. வாங் யாங்மிங்கின் ஊரான யூயாவோவில் பிறந்த ஹுவாங் சோங்ஷி இதனைக் கடிதம் மூலம் கடுமையாக எதிர்த்தார். புலவர் என்ற பெயரே போதுமானது, அதற்கு மேலொரு படி தேவையில்லை என்பது அவரது வாதம்.

வீழ்ந்த மிங் அரசுக்கு விசுவாசமாயிருந்த ஹுவாங், புதிய அரசின் அழைப்பை ஏற்கவில்லை. ஆயினும் அவரது மாணவர் வான் சிதோங் பதவியோ ஊதியமோ பெறாமல் பீஜிங்கில் அவ்வரலாற்றுக்காக உழைத்தார். 1739 இல் வெளிவந்த மிங் வரலாற்றில் நெறிக்கல்வி அத்தியாயம் இல்லை. வாங் யாங்மிங்கோ புலவர்களிடையே அன்றி, அரசப் பணியாளர்களிடையே இடம்பெற்றார்.

இதனிடையே ஹுவாங் தாமே 62 பாகங்களில் மிங் புலவர் வரலாற்றை எழுதினார். வாங் யாங்மிங்கின் மாணவர்களை அவர் செஜியாங், ஜியாங்சி, வடபுலம், குவாங்டொங்-ஃபுஜியென் எனப் பிராந்தியவாரியாக வகுத்தார். அரச வரலாறு தர மறுத்த விரிவு அதிலேயே கிடைக்கிறது.

எனினும் அவரது வகுப்பும் பக்கச்சார்பற்றதன்று. தைசோ மரபினரை அவர் 'வாங்கின் வழியினர்' என்ற பெயரின்றித் தனியே நிறுத்தினார். 1602 இல் சிறையில் மாண்ட ஃபுஜியெனின் லீ ஷிக்கு எங்குமே இடமளிக்கவில்லை. அரசின் ஒதுக்கலை எதிர்த்தவரும் தமக்குரிய ஒதுக்கலைச் செய்திருக்கிறார். ஆகவே வரலாற்று நூலொன்றைத் திறப்பவர், அதன் பொருளடக்கத்தையே முதலில் கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்பேன்.