கீழ்த் திருப்பதியின் கல்லெழுத்துகள்

திருப்பதிக்குச் செல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. திருப்பதியைக் கண்ட தமிழரோ அதனினும் அரியர். இரயிலினின்றும் இறங்கிய யாத்திரிகருடைய கண் அக்கணமே மலையை நாடுகிறது. மலைக்குச் செல்லும் பேருந்து எங்கே நிற்கிறது என்பதே அவருடைய முதற் கேள்வி. தரிசனம் முடிந்து கீழே வந்ததும் ஊர் திரும்பும் வண்டியைப் பற்றிய கவலை பிடித்துக்கொள்கிறது. இவ்விரண்டு அவசரங்களுக்கும் இடையே சிக்கிக் கிடப்பது அடிவாரத்திலுள்ள நகரம். அந்நகரை நாம் ஒரு நாள் கால்நடையாகவே சுற்றி வருவோம்.

இரயில் நிலையத்திற்குக் கூப்பிடு தூரத்தில் கோவிந்தராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் மட்ல அனந்தராஜர் என்னும் சிற்றரசர் எடுப்பித்த ஏழுநிலைக் கோபுரம், கடைத்தெருவின் இரைச்சலுக்கு மேலே தலை நிமிர்ந்து நிற்கிறது. உள்ளே பெருமாள் மரக்காலைத் தலைக்கு அணையாகக் கொண்டு பள்ளி கொண்டிருக்கிறார். மலைமேலுள்ள தம்பியின் செல்வத்தை அளந்து அளந்து களைத்துப் போனாராம்! நம்மவரின் நகைச்சுவை தெய்வத்தையும் விட்டுவைப்பதில்லை.

சோழ மன்னன் ஒருவனால் தில்லையில் கோவிந்தராஜர் சந்நிதிக்கு இடையூறு நேர்ந்தது என்றும், அங்கிருந்து கொண்டுவரப்பட்ட திருமேனியை ஸ்ரீ ராமானுஜர் 1130-ஆம் ஆண்டில் இங்கே பிரதிஷ்டை செய்தார் என்றும், கோயிலைச் சுற்றி வீதிகளை வகுத்தார் என்றும் வைணவ மரபு கூறும். அவ்வாண்டு பிப்ரவரி 24-ஆம் நாளையே நகரத்தின் பிறந்த நாளாகக் கொண்டு 2022-இல் விழாவும் எடுத்தனர். அச்சோழன் இரண்டாம் குலோத்துங்கனே என்பது பலர் கருத்து. அவனோ 1133-இல்தான் அரியணை ஏறினான். ஆக, கணக்கு மூன்றாண்டு இடிக்கிறது. மரபு நாளைத் துல்லியமாகச் சொல்லும்போது வரலாறு சற்றுத் தயங்குவதே முறை. எனினும், கோயிலைச் சுற்றிப் பிறந்த ஊர் இது என்பதில் ஐயமில்லை. மாட வீதிகளில் நடந்தாலே அது விளங்கும்.

அவ்வாறாயின், அதற்கு முன்பு இங்கே என்ன இருந்தது? கொட்டூர் என்னும் சிற்றூர் இருந்தது. இதற்குச் சான்று தேடி நாம் வடக்கே மலையடிவாரத்திலுள்ள கபில தீர்த்தத்திற்கு நடக்கவேண்டும். மழைக் காலத்தில் அருவி நேரே குளத்தில் விழும் இடம் அது. கொட்டூரைச் சேர்ந்த இராயன் இராசேந்திரசோழன் எனும் பிரமமாராயன் முனையதரையன் இக்கோயிலைக் கட்டினான் என்று 11-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று அறிவிக்கிறது. இன்று வேங்கடவன் பெயரால் மட்டுமே அறியப்படும் ஊரில், இவ்வளவு பழமையான தடயம் ஒரு சிவன் கோயிலில் கிடைப்பது நாம் எதிர்பாராதது. சைவர் கபில தீர்த்தம் என்பதை வைணவர் ஆழ்வார் தீர்த்தம் என்பர். குளத்தைச் சுற்றியுள்ள கற்படிகளும் மண்டபங்களும் 16-ஆம் நூற்றாண்டில், விஜயநகர மன்னர் அச்சுதராயர் காலத்தில் அமைந்தவை. சற்று அப்பால் அலிபிரி. இராமாயணப் பொருளைத் திருமலை நம்பியிடம் இராமானுஜர் ஓராண்டு கேட்ட இடம் மலையடிவாரமே என்பர். அடிவாரத்துப் புளியமரத்தால் வந்த ‘அடிப்புளி’ என்ற பெயரே அலிபிரி என மருவிற்று என்போரும் உளர்.

திருமலையிலும் கீழ்த் திருப்பதியிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழ். தேவஸ்தானத்தில் பணியாற்றிய சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்ற அறிஞர் பொறுமையோடு படித்துத் தொகுத்ததன் பயனாக, 1930-களில் இவை தொகுதிகளாக வெளிவந்தன. இவற்றில் அரசர் புகழ் கொஞ்சம். வரவு செலவு மிகுதி. விஜயநகர காலத்தில் பக்தர் ஒருவர் பொன் கொடுப்பார். கோயிலார் அதைப் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. கோயில் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டினர். அதனால் பெருகிய விளைச்சலைக் கொண்டு அமுதுபடி நடந்தது. பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடையாளிக்கு உரியது. அதன் பெயர் ‘விட்டவன் விழுக்காடு’. எவ்வளவு சுருக்கமான, தெளிவான தமிழ்! சாளுவ நரசிம்மர் காலத்தில் கந்தாடை இராமானுஜ ஐயங்கார் நடத்திய இராமானுஜ கூடங்களில் யாத்திரிகருக்குச் சோறு கிடைத்ததும் இந்த ஏற்பாட்டால்தான். பஞ்சத்துக்குப் பேர்போன இச்சீமையில், பெருமாளுக்குப் படைத்த தளிகை உழவனுடைய வயலுக்கு நீராகவும் பாய்ந்தது என்பதை நாம் வியக்காமல் இருக்க முடியவில்லை.

இனி நகரின் நடுவே வருவோம். ஹாதிராம்ஜி மடத்தின் பெயரும் பைராகிபட்டெட என்னும் பேட்டையின் பெயரும் வேறொரு காலத்தை நினைவூட்டுகின்றன. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1801-இல் கோயில் நிர்வாகத்தை ஏற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1843-இல் அதை வடநாட்டிலிருந்து வந்த துறவியர் மரபான இம்மடத்து மகந்துவிடம் ஒப்படைத்தது. 1933-இல் தேவஸ்தானக் குழு அமையும் வரை, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் மகந்துகளின் ஆட்சி நீடித்தது.

பின்னர் எல்லைச் சிக்கல் எழுந்தது. தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்பதைத் தொல்காப்பியப் பாயிரமே குறித்திருக்க, அதை விடலாகாது என ம. பொ. சிவஞானம் போராடினார். 1953-இல் பிறந்த ஆந்திர மாநிலத்தில் திருப்பதி சேர்ந்தது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. பேசும் மொழியைக் கொண்டு பார்த்தால் இம்முடிவில் குறை காண்பதற்கில்லை. ஆனால் ஒரு விளைவு நேர்ந்துவிட்டது. இங்கே குடியிருப்போரில் பெரும்பாலோர் தெலுங்கர். கல்லிலுள்ள தமிழ் அவர்களுக்கு எட்டாது. தமிழ் அறிந்த யாத்திரிகரோ நிற்பதில்லை. படிப்பாரில்லாத கல் வெறுங்கல்லாகிவிடும். மலைமேல் விஜயநகர காலத்து ஆயிரங்கால் மண்டபம் 2003-இல் இடிக்கப்பட்டபோது, அதை இடையூறு என எண்ணியோருக்கு அது அவ்வாறுதான் தோன்றியிருக்கும்.

வெயில் தாழ்ந்த பின், தென்கிழக்கே ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சானூருக்கு நடப்போம். பத்மாவதித் தாயாரைத் தொழ வருவோர் கூட்டம் அங்கே குறைவதில்லை. ஆனால் கீழ்த் திருப்பதி தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே, திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டுத் திருச்சுகனூர் என்ற பெயரில் இவ்வூர் சிறந்திருந்தது. பல்லவர் காலக் கல்வெட்டுகள் இங்கே உள்ளன. வேங்கடக் கோயிலின் அறக்கட்டளைகளை இவ்வூர்ச் சபையார் பேணினர்.

அருகிலேயே யோகிமல்லவரம், பராசரேசுவரர் கோயில் உள்ள ஊர். இதன் பழம் பெயர் திருமுண்டியம் என்பர் கல்வெட்டறிஞர். திருமுண்டியத்துச் சபையாரைப் பற்றிய முதலாம் இராசேந்திரன் காலத்துச் செய்தி ஒன்று உண்டு. வேங்கடவனுக்குப் பல விளக்குகள் எரிப்பதாகப் பொன் பெற்ற சபையார், ஒரு சிலவற்றை மட்டுமே எரித்து வந்தனர். சோழ அதிகாரி வந்து கணக்குக் கேட்டார். சபையாருக்கு மறுமொழி இல்லை. பொன்னைக் கோயில் பண்டாரத்தில் செலுத்திவிடுமாறு அவர்களுக்கு ஆணையிட்ட அதிகாரி, விளக்குகளை இனிக் கோயிலாரே எரிக்கவேண்டும் என்று முடிவு செய்து, அம்முடிவு கல்லில் ஏற வழிசெய்தார்.