சாட்சி சொன்ன பிம்பம்

இல்லாத முகத்தை இருப்பதாகக் காட்டும் எந்திரங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது திருச்செங்கோட்டு மலைக்கோயிலின் சிசிடிவி கேமராதான்.

2015 ஜூன் 23 அன்று அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியோடு வந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். இந்த வழக்கில் இரண்டு பிம்பங்கள் எதிரெதிராக நின்றன. ஒன்று, தற்கொலை செய்துகொள்ளப் போவதாக அவரை மிரட்டிப் பேசவைத்து எடுத்த வீடியோ. முகம் நிஜம், குரல் நிஜம், சொன்னது மட்டும் பொய். மற்றது, அவரை யார் அழைத்துப்போனார்கள் என்று காட்டிய கோயில் கேமராவின் பதிவு. பொய்ப் பிம்பம் தயாரிக்க அன்றைக்குச் சாதிவெறிக்கு உயிருள்ள ஒரு உடல் தேவைப்பட்டது. இன்றைக்குத் தேவையில்லை.

அதற்குச் சரியாக ஓராண்டு முன்னால், 2014 ஜூனில், மாண்ட்ரியாலில் இயன் குட்ஃபெல்லோவும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். இரண்டு நரம்பு வலைப்பின்னல்கள்: ஒன்று படம் பண்ணும், மற்றது அது அசலா போலியா என்று பார்க்கும். பிடிபடப் பிடிபட முதலாவது தேறும், பிடிப்பதும் கூர்மையாகும். கள்ளநோட்டு அடிக்கிறவனும் போலீசும் என்று அவர்களே உவமை சொன்னார்கள். அப்போது வந்த முகங்கள் கலங்கலான சின்னப் படங்கள். 2018 கடைசியில் என்விடியாவின் ஸ்டைல்கேன் 70,000 முகப்படங்களில் பழகி, மயிரிழை வரை தெளிவான முகங்களைத் தந்தது. ஃபிளிக்கரில் ஜனங்கள் போட்ட படங்கள் அவை. உரிமம் இடம்கொடுத்தது, சரி; ஆனால் இதுக்குன்னா அவங்க போட்டாங்க? பிறகு வேறொரு முறை முந்திக்கொண்டது. படத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலைக் கலந்து, அதை நீக்கும் வித்தையை எந்திரத்துக்குப் பழக்குவது. 2022 ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளியானபின் இது வீட்டுக் கம்ப்யூட்டருக்கே வந்துவிட்டது.

2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த திமுக இளைஞரணி மாநாட்டில், 2018இல் மறைந்த கருணாநிதி திரையில் பேசினார். எந்திரம் செய்தது என்று எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது. அதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. என் கவலை மலைக்கோயில் பதிவு போன்றவற்றைப் பற்றியது.

2022 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் அந்தப் பதிவை ஓட்டிக் காட்டியபோது, படத்திலிருந்த பெண், 'அது நான் இல்லை' என்றார். அவரைப் பழிக்க நான் வரவில்லை. ஊருக்குள் சாதி எப்படிப் பேசும், எப்படி வாயடைக்கும் என்பது நமக்குத் தெரியும். 2015இன் பதிவை மறுக்க அதற்குமேல் சொல்ல எதுவுமில்லை. இனி வரும் வழக்குகளில் 'எந்திரம் பண்ணினது' என்று ஒரு வாதம் வரும். அதைச் சொல்லப்போவது கொன்றவன் தரப்பு.

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் ஹாஷ் எண்ணும் கேட்கிறது. கோப்பு இடையில் மாறவில்லை என்பதற்கு அது போதும். கோப்புக்குள் இருப்பது நடந்ததா என்று ஹாஷ் எண்ணுக்குத் தெரியாது.

'இது இருந்தது' என்பதே புகைப்படத்தின் சாரம் என்று 1980இல் ரொலாண் பார்த் வாதித்தார். நம் சிறுபத்திரிகைகளில் யதார்த்தமே ஒரு கட்டமைப்பு, எல்லாமே பிரதி என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். தண்டவாளத்தில் கிடந்த உடலை எந்தப் பிரதியில் சேர்ப்பது?

2023 ஜனவரியில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் மலைக்கோயிலுக்கே வந்து கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டார்கள். அந்த ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தார்கள். எந்தக் கேமரா எந்த வாசலைப் பார்த்திருந்தது, பதிவை எடுத்துக் கொடுத்தது யார், அங்கே அன்றைக்கு யார் யார் நின்றார்கள் என்பதெல்லாம் படத்துக்கு வெளியே கிடக்கும் விஷயங்கள். அடுத்த வழக்கில் இதையெல்லாம் அன்றைக்கே ஒரு நோட்டில் குறித்துவைக்க நம்மில் யார் போகப்போகிறோம்?